எந்த ஊர் நம் அணிக்குச் சொந்த ஊர்?

வாசகர் கேள்வி – பதில்: கால்பந்து

கோவாவின் மட்காவ் நகரிலுள்ள ஃபட்டோர்டா மைதானத்தில் 2025 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை இந்திய ஆடவர் அணி இழந்தது. அன்று முதல் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, அணியிடம் என்ன குறை, ஆட்டத்தை எந்த ஊரில் வைத்திருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையே சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால் இவ்விதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மதுரை வாசகர்: சிங்கப்பூருடனான ஆட்டத்தைக் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில், 60,000 பேர் முன்னிலையில் வைத்திருந்தால் நாம் தோற்றிருக்கவே மாட்டோம் என்று நானும் நண்பர்களும் உறுதியாக நம்புகிறோம். சிறிய மைதானத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனதுதானே தவறு?

கொல்கத்தாவின் மீது எனக்கும் அளவற்ற மதிப்பு உண்டு. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது 1,31,000க்கும் அதிகமானோர் திரண்ட மைதானம் அது. ஆனால் கூட்டம் இருந்தால் தோல்வி வராது என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 அக்டோபர் 15 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வங்கதேசத்துடன் இதே சால்ட் லேக்கில் ஆடியதை நினைத்துப் பாருங்கள். மாடங்கள் நிரம்பி வழிந்தன. 42ஆம் நிமிடத்தில் ஜமால் புயான் உதைத்த ஃப்ரீ கிக்கைப் பிடிக்க முன்னேறி வந்த நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவுக்கு எட்டாமல் பந்து தாண்டிப் போனது. பின்னால் காத்திருந்த சாத் உதீன் அதைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். அத்தனை பெரிய கூட்டம் ஒரே நொடியில் வாயடைத்துப் போனது. 88ஆம் நிமிடத்தில் ஒரு கார்னரை அடில் கான் தலையால் முட்டிக் கோலாக்கியிருக்காவிட்டால், தரவரிசையில் நமக்கு மிகவும் கீழே இருந்த அணியிடம் சொந்த மண்ணிலேயே தோற்றிருப்போம். 2024 ஜூன் 6 அன்று சுனில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்திலும் அதே மைதானம் நிறைந்திருந்தது. குவைத்துக்கு எதிராக ஒரு கோல் அடித்து வென்றிருந்தால் போதும், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் மூன்றாம் கட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கும். ஆட்டம் 0-0 என்று முடிந்தது.

இதே ஊரில், இதே மைதானத்தில், 2022 ஜூனில் கம்போடியாவை 2-0 என்றும், ஆப்கானிஸ்தானை 2-1 என்றும், ஹாங்காங்கை 4-0 என்றும் வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதையும் மறக்கவில்லை. ஆப்கானிஸ்தானுடனான ஆட்டத்தில் 86ஆம் நிமிடத்தில் சேத்ரி ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார்; இரண்டே நிமிடத்தில் எதிரணி சமன் செய்தது; கூடுதல் நேரம் தொடங்கியதுமே சகல் அப்துல் சமத் வெற்றி கோலை அடித்தார். அந்தக் கடைசி ஐந்து நிமிடங்களில் கூட்டத்தின் ஆரவாரம் அணியைத் தூக்கி நிறுத்தியது என்பதை அன்று ஆட்டத்தைப் பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த அணி பல வாரங்கள் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி எடுத்திருந்தது. 2025இல் நிலைமை வேறு. நாட்டின் முதன்மைக் கிளப் போட்டியான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பருவம் உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. போதிய போட்டி ஆட்டம் ஆடாத கால்களோடு நம் வீரர்கள் அக்டோபர் ஆட்டங்களுக்குப் போனார்கள். வங்கதேசத்துடன் ஷில்லாங்கில் 0-0, ஹாங்காங்கில் 0-1, சிங்கப்பூரில் 1-1, மட்காவில் 1-2, டாக்காவில் 0-1. தகுதிச்சுற்றின் முதல் ஐந்து ஆட்டங்களில் நாம் அடித்தவை இரண்டே கோல்கள். ஊரை மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் ஏதும் தெரியவில்லை.

நாகர்கோவில் வாசகர்: ஓய்வு பெற்ற சேத்ரியை 40 வயதில் மீண்டும் அழைத்தது நாட்டுக்கே அவமானம் என்று எங்கள் ஊர்க் கடற்கரை மைதானத்தில் தினமும் சண்டை நடக்கிறது. உங்கள் கருத்து?

அவமானம் என்ற சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2024-25 ஐஎஸ்எல் பருவத்தில் 14 கோல்கள் அடித்து, இந்திய வீரர்களில் முதலிடத்தில் நின்றவர் அவர்தான். திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தம்முடைய 95ஆவது சர்வதேசக் கோலை அடித்தார். வேறு எவரைப் பயிற்சியாளர் அழைத்திருக்க முடியும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நம் கிளப்புகள் பலவற்றில் முன்களத்தின் நடு இடம் வெளிநாட்டு வீரருக்கே போகிறது. கோல் அடிக்கத் தெரிந்த இந்திய இளைஞன் பக்கவாட்டில் ஓடுகிறான், அல்லது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாரந்தோறும் பெனால்டி பகுதிக்குள் நின்று பழகாதவனிடம், தேசிய அணிக்கு வந்தவுடன் அங்கே நின்று கோல் அடி என்றால் எப்படி அடிப்பான்?

கோவை வாசகர்: இங்கிலாந்துக்கு வெம்ப்ளி இருப்பதுபோல நம் அணிக்கும் ஒரே நிரந்தர மைதானம் வேண்டாமா? கௌகாத்தி, புவனேஸ்வர், ஷில்லாங், மட்காவ் என்று ஆண்டுதோறும் ஊர் ஊராக அலைவது ஏன்?

இங்கிலாந்தும் அலைந்திருக்கிறது. பழைய வெம்ப்ளியை மூடிய 2000ஆம் ஆண்டிலிருந்து புதிய மைதானம் திறக்கப்பட்ட 2007 வரை அந்த அணி நாட்டின் பல நகரங்களில் ஆடியது. ஜெர்மனிக்கு இன்றும் நிரந்தர மைதானம் கிடையாது. பல நகரங்களுக்கும் மாறி மாறிப் போகிறது. மறுபக்கம் பொலிவியாவைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்திலுள்ள லா பாஸ் நகரில் ஆடுவதையே அந்த நாடு ஆயுதமாக வைத்திருந்தது. 1993இல் அங்கேதான் பிரேசிலை 2-0 என்று வீழ்த்தியது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பிரேசில் கண்ட முதல் தோல்வி அது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கும் பொலிவியா போனது. ஆக, ஊர் ஊராகப் போவதும் ஓர் ஊரிலேயே நிற்பதும் இரண்டுமே ஒரு நோக்கத்தோடு செய்யப்பட்டால் பலன் தரும்.

நம்மிடம் அந்த நோக்கம்தான் எனக்குப் புலப்படவில்லை. ஒரு தகுதிச்சுற்றின் இரண்டு சொந்த மண் ஆட்டங்களை வடகிழக்கு மலை நகரமான ஷில்லாங்கிலும் மேற்குக் கடற்கரையிலுள்ள மட்காவிலும் வைத்தால், தட்பவெப்பம் வேறு, புல்தரை வேறு, பந்து எழும்பும் விதம் வேறு. விருந்தாளி அணிக்கு அந்த ஊர் எவ்வளவு புதியதோ அவ்வளவு புதியதுதான் நம் வீரர்களுக்கும். ஒரே நிரந்தர மைதானம் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய நாட்டில் கேரளத்தையும் மணிப்பூரையும் மிசோரமையும் விட்டுவிட்டு ஒரே ஊரைப் பிடித்துக்கொள்வது நியாயமல்ல. ஒரு தகுதிச்சுற்று முழுவதையும் ஒரே ஊரில் வையுங்கள், அடுத்த சுற்றுக்கு வேறோர் ஊருக்குப் போங்கள் என்பதுதான் பல ஆண்டுகளாக நான் வலியுறுத்துவது. பயிற்சி முகாமும் அங்கேயே, ஆட்டமும் அங்கேயே என்றால், இரண்டாவது ஆட்டத்துக்குள் வீரனுக்குப் புல்லும் பழகிவிடும், மாடத்தில் இருப்பவருக்கு வீரனும் பழகிவிடுவான்.

புதுச்சேரி வாசகர்: 2025 டிசம்பரில் மெஸ்ஸியைப் பார்க்கப் பெரும் தொகை கொடுத்துச் சால்ட் லேக்குக்குப் போனவர்கள், அவர் சில நிமிடங்களிலேயே கிளம்பிவிட்டார் என்று நாற்காலிகளை உடைத்தார்கள். நம் அணியின் ஆட்டத்துக்கு இவர்களில் எத்தனை பேர் வருவார்கள்? இந்த ரசிகர்களுக்காகவா ஓர் ஊர் ஆட்டம் நடத்த வேண்டும்?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அன்று ஏமாந்தவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்காலியை உடைத்தது தவறு. அதே வேளையில், சேமித்து வைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு, மைதானத்தில் ஒரு வீரரைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களின் வேதனையும் உண்மையானது. அங்கே ஆட்டமே இல்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு.

ஆட்டம் நடந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு சாட்சி இருக்கிறது. 2018 ஜூனில் மும்பையில் நடந்த கண்டங்களுக்கிடையேயான கோப்பையின் முதல் ஆட்டத்தில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றது, சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு காணொளியில், திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேராகத் திட்டுங்கள் என்ற பொருள்படக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். ஜூன் 4 அன்று கென்யாவுடனான ஆட்டம் அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. மும்பையின் மழை கொட்டித் தீர்க்க, புல்தரையில் தண்ணீர் தேங்கிப் பந்து உருள மறுக்க, நனைந்துகொண்டே நின்றது அந்தக் கூட்டம்; இந்தியா 3-0 என்று வென்றது, அவற்றில் இரண்டு சேத்ரியுடையவை. மூன்று நாள்களுக்கு முன்பு வெறிச்சோடிக் கிடந்த அதே மைதானம்தான் அது. இதைப் பார்த்த பிறகு எந்த நகரத்து ரசிகரையும் பழிக்க எனக்கு நா எழவில்லை. ஆட்டம் எப்போது, டிக்கெட் எங்கே, எவ்வளவு என்ற விவரம் சாதாரண மனிதருக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் நடத்துபவர்கள் முதலில் கவனிக்க வேண்டும்.

சென்னை, பெரம்பூர் வாசகர்: இந்திய அணியின் ஆட்டம் ஒன்றைக்கூடச் சென்னைக்குத் தராமல் வஞ்சிக்கிறார்கள் என்பது என் ஆற்றாமை. கிரிக்கெட் ஊர் என்று நம்மை ஒதுக்கிவிட்டார்களா?

உங்கள் ஆற்றாமை எனக்கும் உண்டு, ஆதலால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். ரிப்பன் மாளிகைக்குப் பின்புறமுள்ள நேரு விளையாட்டரங்கம் கால்பந்துக்காகவே திறக்கப்பட்டது என்று சொல்லலாம். 1993இல் நேரு கோப்பை இங்கே நடந்தது, வட கொரியா கோப்பையை எடுத்துச் சென்றது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னைக்கு வந்தபோது, கால்பந்து இறுதியில் வங்கதேசத்தை வென்று இந்தியா தங்கம் பெற்றது. அதன் பிறகு ஆடவர் தேசிய அணி இங்கு வருவது அரிதாகிவிட்டது. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோதும் டெல்லி, நவி மும்பை, மட்காவ், கொச்சி, கொல்கத்தா, கௌகாத்தி என்ற ஆறு நகரங்களில் சென்னை இல்லை.

ஆனால் இதை வெறும் வஞ்சனை என்று சொல்லி நம்மை நாமே தேற்றிக்கொள்வது சரியாகாது. 2019இல் ஆசியக் கிளப் அணிகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பைக்கு ஆடிய சென்னையின் எஃப்.சி. தன் சொந்த மண் ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியின் சொந்த மைதானம் கோவையில் இருந்தது. சென்னை என்ற பெயரைத் தாங்கிய இரண்டு அணிகளுக்குச் சென்னையில் இடம் கிடைக்காத ஊரில், தேசிய அணிக்கு இடம் தருகிறோம் என்று எப்படிச் சொல்வது? அரங்கத்தின் அமைப்பிலும் ஒரு குறை இருக்கிறது. கிழக்கு மாடத்தில் உட்கார்ந்து பார்த்தால், நமக்கும் பந்துக்கும் நடுவே ஓடுதளம் அகலமாகக் கிடக்கும். கார்னர் அடிக்கும் வீரன் பந்தை வைத்துவிட்டு எந்தக் காலால் உதைக்கப் போகிறான் என்பதை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் கத்துவது அவன் காதில் விழுமா என்ற ஐயம் ஒவ்வொரு முறையும் எனக்கு வரும்.

கிரிக்கெட் ஊர் என்ற பேச்சை மட்டும் நான் முற்றிலுமாக மறுக்கிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்காக ஆடியவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ். 1973இல் கேரளம் முதன்முதலாக, மாநில அணிகளுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்தில் வியாசர்பாடி இருக்கிறது. அங்கே ஒரு மாலை நின்று பாருங்கள், அரை மணி நேரத்தில் நான்கு அணிகள் இறங்கி ஏறும்; வெறுங்காலோடு ஆடும் பையன் ஷூ போட்டவனைத் தாண்டிப் போவான். சென்னையின் கால்பந்து அங்கே வாழ்கிறது. அரங்கத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே தகுதிச்சுற்று ஆட்டம் வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்காமல், ஒரு நட்பு ஆட்டத்தை முதலில் கேட்போம். ஒரு வார நாள் மாலையில், அலுவலகம் முடிந்து வருபவர்களும் பள்ளி முடிந்து வருபவர்களும் உட்காரும்படி ஏழரை மணிக்குத் தொடங்கட்டும். அரங்கத்திலிருந்து சென்ட்ரலும் பூங்கா ரயில் நிலையமும் மெட்ரோவும் நடந்து போகும் தூரம்தான்; இவ்வளவு வசதியாக ரயில் நிலையங்கள் சூழ்ந்த மைதானம் நாட்டில் அதிகம் இல்லை. வடசென்னைப் பள்ளிகளுக்கும் கால்பந்துக் குழுக்களுக்கும் ஒரு மாடத்தை முழுமையாக ஒதுக்கி, குறைந்த விலையில் டிக்கெட்டை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். எதிரணி மாலத்தீவோ நேபாளமோ, யாராயினும் சரி. அன்று உங்களைக் கிழக்கு மாடத்தில் சந்திக்கிறேன். பெரம்பூரிலிருந்து வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.