ஆன்டிபயாட்டிக் எடுத்தபின் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்புமா?

ஆன்டிபயாட்டிக் எடுத்தால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அனைத்தும் அழிந்துவிடுமா, அழிந்தவை திரும்பி வருமா, உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய ப்ரோபயாட்டிக் மாத்திரை அதற்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனைத்தும் அழிவதில்லை. மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் வாழ்கின்றன. மருந்தை நிறுத்தியபின் அவற்றின் மொத்த எண்ணிக்கை விரைவாகவே ஏறிவிடும். எந்தெந்த இனங்கள் திரும்புகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த 12 ஆண்களுக்கு மெரோபெனெம், ஜென்டாமைசின், வான்கோமைசின் ஆகிய மூன்றையும் சேர்த்து 4 நாட்கள் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் அவர்களுடைய குடல் பழைய நிலையை நெருங்கியது. ஆயினும், முன்பு எல்லோரிடமும் காணப்பட்ட 9 இனங்கள், 180 நாட்கள் கழித்தும் பெரும்பாலானோரிடம் தென்படவில்லை. அந்த மூன்றும் கடுமையான மருந்துகள். சாதாரணமாக எழுதித் தரப்படும் ஒரு மருந்துக்கு இதே அளவு பாதிப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இடைப்பட்ட காலத்தில் நடப்பதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பல, நாம் உண்ணும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகின்றன. குடற்சுவரின் செல்கள் அதையே எரிபொருளாக்கி, எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால், குடலின் உட்புறம் ஆக்சிஜன் அற்றதாகவே இருக்கிறது. மருந்தினால் அந்தப் பாக்டீரியாக்கள் குறைந்தால் பியூட்டிரேட் குறையும்; செலவாகாத ஆக்சிஜன் உள்ளே கசியும்; ஆக்சிஜனைப் பயன்படுத்தி வளரக்கூடிய சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகளுக்கு அது வசதியாகிவிடும். எலிகளில் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்டியிருக்கிறார்கள்.

பித்தநீரிலும் இதைப் போன்ற ஒரு காவல் உண்டு. சில குடல் பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை மாற்றி உருவாக்கும் பொருட்கள், கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் இல்லாதபோது அக்கிருமி பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆகவே, ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதோ அதன்பின் சில வாரங்களிலோ வயிற்றுப்போக்கு கடுமையாகவோ இரத்தத்துடனோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது.

ப்ரோபயாட்டிக் குறித்து நான் விளம்பரங்களை நம்புவதில்லை. சில தயாரிப்புகள் மருந்தினால் வரும் வயிற்றுப்போக்கு ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் இழந்த இனங்களை மீட்பது வேறு விஷயம். 2018இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப்பின் ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களைவிட, எதையும் எடுக்காமல் விட்டவர்களின் குடலே தன் பழைய அமைப்புக்கு விரைவாகத் திரும்பியது.