வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் எச்.ஐ.வி. தடுப்பு பற்றி ஆன்லைன் வகுப்பு நடந்தது. எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம், ஒருத்தரும் சந்தேகம் கேட்கவில்லை. பரிசோதனைக்குப் போனால் வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா?
- கல்லூரி மாணவர், கடலூர்

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. 18 வயது முடிந்திருந்தால் உங்கள் சம்மதம்தான் எல்லாம். அது இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வீட்டாரிடம் சொல்லவோ கூடாது என்று 2017-ல் வந்த சட்டமே இருக்கிறது. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் 'நம்பிக்கை மையம்' எங்கே என்று கேளுங்கள். பரிசோதனை இலவசம், ரத்தம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. ஆணுறை கிழிந்துபோவது மாதிரி ஏதாவது நடந்துவிட்டால் விடியட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே டாக்டரிடம் போனால், தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை தருவார்கள். இதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும் என்பது என் ஆதங்கம். அப்புறம், கிருமி நுழைந்த உடனே பரிசோதனையில் தெரியாது, சில வாரமாவது ஆகும், அதனால் மறுபடி வரச் சொன்னால் கட்டாயம் போங்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.