டெரியர் குட்டியை வளைக்குள் வேலை செய்ய எப்போது, எப்படிப் பழக்குவது?

கேள்வி கேட்டவரிடம் ஐந்து மாத பார்டர் டெரியர் குட்டி இருக்கிறது. குழி கண்ட இடத்திலெல்லாம் தலையை விடுகிறதாம். இப்போதே வளைக்குள் இறக்கலாமா, பயந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். என் முதல் குட்டியை நான் கெடுத்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விஷயத்தில் நான் படித்த பெரிய பாடம் அதுதான்.

ஜாக் ரஸ்ஸல் டெரியர், பெண் குட்டி. பெயர் கடுகு. காரம் போகாது என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். ஐந்தரை மாதத்தில் அவளுக்காகப் பலகையில் பத்தடிச் சுரங்கம் ஒன்று செய்தேன். நடுவில் ஒரு திருப்பம், மேலே மூடி, அதன்மேல் மண். கடைசியில் கூண்டுக்குள் எலி. சுரங்க வாய்க்குப் பக்கத்தில் விட்டதும் சரசரவென்று உள்ளே போனாள். எனக்கு ஒரே பெருமை. திருப்பத்தில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்குவதும், நகம் மண்ணைக் கீறுவதும் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் அவளே பின்னோக்கி நகர்ந்து வந்திருப்பாள். நான் கையை உள்ளே விட்டு இடுப்பைப் பிடித்து முன்னால் தள்ளினேன். ‘போ, போ’ என்று கத்தல் வேறு. அவள் திமிறியபோது கழுத்துப்பட்டையின் வளையம் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. மண்ணைத் தள்ளி மூடியைப் பிரித்துத் தூக்கியபோது காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன, அடிவயிறெல்லாம் ஈரம். அடுத்த நாலு மாதம் அவள் கட்டிலுக்கு அடியில்கூடப் போகவில்லை.

அவளிடம் எந்தக் குறையும் இல்லை, எல்லாம் என் அவசரம். அந்த வயதில் இருட்டு புதிது, இடுக்கு புதிது, திருப்பம் புதிது, எலி வாசனையும் புதிது. நாலையும் ஒரே நாளில் அவள் தலையில் கட்டிவிட்டேன்.

டெரியர் என்ற பெயரே நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. டாக்ஸ்ஹுண்ட் என்றால் ஜெர்மனில் வளைக்கரடி நாய். வளைக்கரடி என்பது மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர். பல தலைமுறையாக நரியும் வளைக்கரடியும் குடியிருக்கும் வளைக்குள் போவதற்கென்றே பார்த்துப் பார்த்து இனம் சேர்த்த நாய்கள் இவை. ஆசை ரத்தத்திலேயே இருக்கிறது, அதை நாம் ஊட்ட வேண்டியதில்லை. இருட்டும் இடுக்கும் சாதாரண விஷயம் என்று பழக்குவதும், கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்குவதும்தான் நம் வேலை.

உங்கள் குட்டிக்கு இப்போது வீட்டுக்குள் விளையாட்டு போதும். நாலைந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மேலே போர்வையை விரியுங்கள். ஒரு முனையில் ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் நீங்கள் குனிந்து கூப்பிடுங்கள். ஓடி வந்தால் கொஞ்சல், ஒரு துண்டு கறி. நாளுக்கு மூன்று நாலு தடவை, அது சலிப்பதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். அட்டைப்பெட்டிகளின் இரு பக்கத்தையும் வெட்டிக் கோத்தாலும் சரி. இந்த மாதங்களில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு வலிக்கும்போது கடித்து இழுக்கும் விளையாட்டு வேண்டாம். கடித்தால் வலிக்கும் என்று ஒரு தடவை மனதில் பதிந்தால் பிறகு எலிக்கூண்டின் முன்னால் அந்தத் தயக்கம் தெரியும்.

அப்புறம் மருத்துவரிடம் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். எலியின் சிறுநீர் வழியாக, ஈர மண்ணிலிருந்து நாய்க்கு வரும் நோய், மனிதருக்கும் தொற்றும். எலி வாசனையை மோப்பம் பிடிக்கப்போகும் நாய்க்கு இதை விட்டுவிடக் கூடாது.

ஆறேழு மாதத்தில் பலகைச் சுரங்கத்துக்கு வரலாம். இதற்கென்று நடக்கும் தேர்வுகளில் (அவற்றைப் பின்னால் சொல்கிறேன்) சுரங்கத்தின் உள்ளளவு ஒன்பது அங்குல அகலம், ஒன்பது அங்குல உயரம். அதே அளவில் செய்துகொள்வது நல்லது. இரண்டு பக்கப் பலகை, மேலே ஒரு பலகை, அவ்வளவுதான். அடியில் பலகை வேண்டாம், மண் இருக்கட்டும், கால் பிடிமானம் அதில்தான். பிளாஸ்டிக் குழாயைப் புதைத்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். குட்டிக்கு அது வழுக்கும், உள்ளே சிக்கினால் நீங்கள் திறக்கவும் முடியாது. மேல் பலகையைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கும்படி வையுங்கள். உள்ளே ஆணி முனையோ மரச்சிராயோ இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் உள்ளே விடவே வேண்டாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஆறடி நேர்ச்சுரங்கம், இரண்டு முனையிலும் வெளிச்சம். எலி கிடையாது. ஓடிப்போய் மறுபக்கம் வருவதே ஒரு விளையாட்டாகட்டும். பிறகு பத்தடி. அதற்கப்புறம்தான் திருப்பம், இங்கேதான் பொறுமை வேண்டும். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் திருப்பத்தில் நின்றுவிடும். குட்டியின் கண்ணுக்கு அங்கே ஒரு சுவர்தான் தெரியும், வழி முடிந்துவிட்டதாகவே நினைக்கும். அதனால் திருப்பத்தின் மேலுள்ள மூடியை முழுசாகத் திறந்து வையுங்கள். மேலேயிருந்து வெளிச்சம் விழும்போது குட்டி வந்து நிற்கும், அண்ணாந்து உங்கள் முகத்தைப் பார்க்கும், பக்கவாட்டில் மோந்து பார்க்கும், உடம்பை வளைத்துத் திரும்பும். அந்த வளைப்பைத்தான் அது கற்றுக்கொள்கிறது. முதுகெலும்பு எப்படித் திரும்புகிறது, பின்னங்கால் எங்கே ஊன்றுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அலுக்கவே அலுக்காது. மறுநாள் மூடியைப் பாதி மூடுங்கள். அடுத்த நாள் ஒரு விரல் இடைவெளி. கடைசியில் முழுசாக மூடி, மேலே ஒரு சாக்கைப் போடுங்கள். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். நின்றுவிட்டால் நீங்கள் பேசாதீர்கள். தள்ளாதீர்கள், கறித்துண்டைக் காட்டி இழுக்கவும் வேண்டாம். அது பின்வாங்கி வெளியே வந்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து மறுபடி விடுங்கள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். டெரியரிடம் அந்த நியாயம் எடுபடாது. எலியை முதலில் வெளிச்சத்தில், தரையில் வைத்த உறுதியான கூண்டில் காட்டுங்கள். வாலோ காலோ வெளியே வராத அளவுக்குக் கம்பி நெருக்கமாக இருக்க வேண்டும். சுரங்கத்தில் வைக்கும்போது கூண்டுக்கு முன்னால் தடுப்புக் கம்பிகளும் வேண்டும். எலிக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. அதற்கும் உயிர்தானே. பழகிய எலிகள் நம்மைவிட நிதானமாக இருக்கின்றன. கடுகு ஒரு முழ தூரத்தில் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருக்க, ஒரு எலி முன்னங்காலால் நிதானமாக முகம் கழுவியதைப் பார்த்திருக்கிறேன். ஆர்வம் வந்துவிட்டால் கூண்டிலிருந்த மரத்தூளைச் சுரங்க வாயிலிருந்து உள்வரை தூவிவிட்டு, கூண்டைக் கடைசியில் வையுங்கள். சில குட்டிகள் குரைக்கும், சில மண்ணைத் தோண்டும், சில கம்பியைக் கடிக்கும். ஒரு நிமிடம் வேலை செய்தாலே போதும், எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்ற நினைப்போடு வீட்டுக்கு வரட்டும்.

வேலை தெரிந்த பெரிய நாயைப் பார்த்துக் குட்டி கற்கும் என்பது பாதி உண்மை. அது குரைப்பதைத் தூரத்திலிருந்து கேட்டால் குட்டிக்குச் சூடு ஏறும். ஆனால் இரண்டையும் ஒரே சுரங்கத்தில் விட்டுவிடாதீர்கள். இடுக்கில் பெரிய நாய் ஒரு தடவை திரும்பிக் கடித்தால் போச்சு.

அமெரிக்கன் கென்னல் கிளப் 1994 முதல் எர்த்டாக் என்ற பெயரில் இதற்கான தேர்வுகளை நடத்துகிறது. ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். அறிமுகத் தேர்வுக்குப் பத்தடிச் சுரங்கம், ஒரே திருப்பம். இரண்டு நிமிடத்துக்குள் எலியை எட்டி, முப்பது நொடி வேலை செய்ய வேண்டும். ஜூனியருக்கு முப்பதடி, மூன்று திருப்பம். அங்கே முப்பது நொடிக்குள் எட்டி, ஒரு நிமிடம் வேலை. வீட்டில் பயிற்சி கொடுக்க இந்த அளவுகளே நல்ல ஏணி.

உண்மையான நரி வளைக்கு எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் நாய்களை நான் அனுப்புவதில்லை. வளை எங்கே இடியும், எங்கே சிக்கும் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடுவது நான், மாட்டிக்கொள்வது அவள். சட்டமும் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டப்படி, வேட்டைக்காக வளர்க்கும் பறவைகளைக் காக்க மட்டும், நிலம் தன்னுடையது என்ற சான்றோ உரியவரின் எழுத்துமூல அனுமதியோ கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு நாயை வளைக்குள் விடலாம். பிரிட்டனில் வளைக்கரடியின் வளைக்குள் நாயை விடுவது குற்றம். நரி வளைக்குள் நாயை விடுவதைத் தொழிலாகச் செய்பவர்களே குட்டிக்கு ஒரு வயதாவது நிரம்பட்டும் என்பார்கள். இரண்டு கைகளையும் முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிக் கோத்துப் பார்ப்பார்கள். விரல்கள் சந்தித்தால்தான் அந்த நாய் நரி போகும் வழியில் போகும். வளர்ந்து முடியாத குட்டிக்கு அந்த அளவே எடுக்க முடியாதே.

கடுகு என்ன ஆனாள் என்று சொல்ல வேண்டும். பத்து மாதத்தில் மறுபடி நாற்காலி வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். திறந்த மூடியிலேயே ஆறு வாரம் போனது. ஒன்றரை வயதில் ஜூனியர் தேறினாள். அடுத்தது சீனியர். அதில் நாய் வேலை செய்து முடித்ததும் எலிகளை அகற்றிவிடுவார்கள், நாம் கூப்பிட்டுத் தொண்ணூறு நொடிக்குள் நாயைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். அன்று நான் சுரங்க வாயில் குப்புறப் படுத்து, வாயெல்லாம் மண்ணாகக் கூப்பிடுகிறேன். உள்ளே இருட்டில் கடுகு காலி இடத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கிறாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்கப்புறமும் மூன்று நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.