ஹைடின் முகமும் ஜெக்கிலின் கைத்தடியும்

மதிப்பிற்குரிய ஐயா,

திகிலும் மர்மமும் கலந்த கோத்திக் புனைவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' குறுநாவலை முதன்முறையாக முழுமையாக வாசித்தேன். எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. நல்லவரான மருத்துவர் உயரமும் களையும் உடையவர். மருந்தொன்றை அருந்தியதும் அவருக்குள்ளிருந்து வெளிப்படும் தீயவனான ஹைடோ குள்ளன், கையெல்லாம் ரோமம் அடர்ந்தவன், பார்ப்பவர் முகம் சுளிக்கும்படி இருப்பவன். தீமைக்கு அவலட்சணமான உடலைக் கொடுப்பது எளிய உத்தி மட்டுமல்ல, உடற்குறை உள்ளவர்களை இழிவுபடுத்துவதும் ஆகாதா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் குற்றச்சாட்டில் ஒரு பகுதியை மறுக்க முடியாது. பிறவிக் குற்றவாளியை அவனுடைய மண்டையோட்டையும் தாடையையும் கொண்டே இனங்காணலாம் என்று இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோஸோ 1876இல் எழுதிய நூலின் செல்வாக்கு பரவிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1886 ஜனவரியில், இக்குறுநாவல் வெளிவந்தது. ஹைடைக் குரங்கோடும் குகைவாசியோடும் ஒப்பிடும் வரிகள் அந்தக் காலத்தின் மனப்போக்கிலிருந்து வந்தவையே.

ஆனால் ஹைடின் முகம் நாவலில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சிறுமியை அவன் மிதித்துக்கொண்டு நடந்ததை நேரில் கண்ட என்ஃபீல்ட், அவன் உருவம் இன்னும் கண்முன் நிற்பதாகச் சொல்லிவிட்டு, அவனிடம் ஏதோ ஊனம் இருப்பதுபோல் தோன்றியது என்றும் அது எந்த உறுப்பில் என்று சொல்லத் தெரியவில்லை என்றும் கைவிரிக்கிறார். ஜெக்கிலின் நண்பரான வழக்கறிஞர் அட்டர்சன் வெளிறிய நிறம், குள்ள உருவம், கரகரத்த குரல் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, இவையெல்லாம் சேர்ந்தும் தமக்கு ஏற்பட்ட அருவருப்புக்குக் காரணமாகமாட்டா என்று ஒப்புக்கொள்கிறார். சர் டான்வர்ஸ் கேரூ என்ற பிரமுகரை ஹைட் கொன்றபின் காவல்துறை விசாரிக்கும்போது, அவனைப் பார்த்த சிலரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பெயரிடக்கூடிய ஒரு குறையைக்கூட ஸ்டீவன்சன் அவன் உடலில் வைக்கவில்லை. நம் மனத்தில் பதிந்திருக்கும் பல் துருத்திய குரங்கு முகம், ஃபிரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கர் பெற்றுத்தந்த 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் ஒப்பனை. திரைப்படம் ஏதேனும் ஒரு முகத்தைக் காட்டித்தானே ஆகவேண்டும்! உங்கள் குற்றச்சாட்டை 1897இல் வந்த 'டிராகுலா' நாவலின் மீது வைத்திருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். அங்கே டிராகுலா பிரபுவின் வளைந்த மூக்கு, கூடிய புருவங்கள், கூர்நுனிக் காதுகள், உள்ளங்கையில் முளைத்த ரோமம்வரை அங்க அடையாளப் பட்டியலே இருக்கிறது. லோம்ப்ரோஸோவின் பெயரும் ஒரு பாத்திரத்தின் வாயால் நேரடியாகவே வருகிறது.

உங்கள் கடிதத்தில் நான் முற்றிலும் மறுக்க விரும்புவது 'நல்லவரான மருத்துவர்' என்ற தொடரைத்தான். மருந்து ஜெக்கிலை நல்லவர் ஒருவராகவும் தீயவன் ஒருவனாகவும் பிரித்துவிடுகிறது என்பது கதையைக் கேள்விப்பட்ட எல்லோரும் நம்புவது. கதையை எழுதியவர் அப்படி எழுதவில்லை. ஹைட் கலப்பற்ற தீமை. ஜெக்கிலோ பழையபடியே நன்மையும் தீமையும் கலந்த அதே மனிதர். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, உயர்ந்த நோக்கத்தோடு அதை அருந்தியிருந்தால் உள்ளிருந்து ஒரு தேவன் வெளிவந்திருக்கலாம் என்று அவரே தம் வாக்குமூலத்தில் எழுதுகிறார். ஹைட் குள்ளனாக இருப்பதற்கு அவர் தரும் விளக்கமும் உடற்குறையைப் பற்றியதன்று: தம் வாழ்வில் பெரும்பகுதி கட்டுப்பாட்டில் கழிந்ததால் தீமை போதிய பயிற்சி பெறாமல் சிறுத்திருந்தது என்கிறார். பின்னர் அது வளரவும் செய்கிறது. கண்ணாடியில் அந்த உருவத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு வெறுப்பு எழவில்லை. இதுவும் நான்தான் என்று உள்ளம் துள்ளி வரவேற்கிறது. ஹைடைக் கண்டு முகம் சுளிக்காத ஒரே மனிதர் ஜெக்கில்தான்.

ஜெக்கிலின் களையான முகத்தையும் ஸ்டீவன்சன் மாசற்றதாக விட்டுவைக்கவில்லை. அவர் முதன்முதலாக நம் முன் தோன்றும் இடத்தில், ஐம்பது வயதுடைய, கட்டான உடலும் மழமழப்பான முகமும் கொண்டவர் என்று சொல்லிவிட்டு, திறமையும் கனிவும் தெரியும் அம்முகத்தில் ஒரு கள்ளச் சாயலும் இருக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு சொல் சேர்க்கிறார். அதைவிடக் கூர்மையானது ரீஜென்ட்ஸ் பார்க் காட்சி. கொலைக்குப்பின் ஹைடைத் துறந்து, சில மாதங்கள் பிறர் துயர் துடைப்பதில் செலவிட்ட ஜெக்கில், வெயில் காயும் ஒரு நாளில் அந்தப் பூங்காவின் இருக்கையில் அமர்ந்து, மற்றவர்களின் அக்கறையற்ற சோம்பலோடு தம் நற்செயல்களை ஒப்பிட்டுப் பெருமிதம் கொள்கிறார். அந்த எண்ணம் எழுந்த கணத்திலேயே உடல் குமட்டி நடுங்குகிறது. குனிந்து பார்த்தால் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. முழங்கால்மேல் கிடப்பது நரம்போடிய, ரோமம் அடர்ந்த கை. அப்போது அவர் மருந்து எதையும் அருந்தியிருக்கவில்லை. தீய ஆசையன்று, தம் நல்லதனத்தைத் தாமே மெச்சிக்கொண்டதுதான் அந்தக் கையை வரவழைக்கிறது.

சிறுமியை மிதித்ததற்கான இழப்பீடாக ஹைட் கொடுக்கும் காசோலையில் இருப்பது ஜெக்கிலின் கையொப்பம். சர் டான்வர்ஸ் கேரூவை அவன் அடித்துக் கொல்லும் கைத்தடியும் ஜெக்கிலுடையதே. ஒடிந்துபோன அந்தத் தடியைக் காவலர் எடுத்துக்காட்டும்போது, பல ஆண்டுகளுக்கு முன்பு தாம் ஜெக்கிலுக்குப் பரிசளித்தது அதுவே என்று அட்டர்சன் கண்டுகொள்கிறார். லண்டன் சோஹோவில் இருக்கும் ஹைடின் வீட்டுக்கு வழிகாட்ட உடனே முன்வரும் அவர், தடி யாருடையது என்பதைக் காவலரிடம் சொன்னதாக நாவலில் ஒரு வரியும் இல்லை. அருவருப்பான தோற்றமுள்ளவனைத் தேடி எல்லோரும் சோஹோவுக்குப் போகிறார்கள். கண்ணியமான தோற்றமுள்ளவரின் வீட்டுக்கு அவருடைய நண்பர் மட்டும், அன்று பிற்பகல், தனியாகப் போகிறார்.