மர்த்தபான் கரையில் ஓர் இரவு

அன்புள்ள ஐயா,

பர்மாவில் மோல்மீனில் பிறந்தவன் நான். எட்டு வருடமாக யாங்கோனில் வேலை. ஊருக்குப் போனால் இரண்டாம் நாளே கிளம்பிவிடத் தோன்றுகிறது. இங்கே வந்ததும் மனசு அங்கேயே கிடக்கிறது. இது பாசமா, வெறும் பழக்கமா? பாலம் வந்ததும் ஊரின் அழகே போய்விட்டது. படகில் ஆற்றைக் கடந்த அந்தக் காலம் இனி வருமா? அப்பா வீட்டை விற்கலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பி,

போன மாதம்தான் அம்மாவின் திதிக்கு மோல்மீன் போய் வந்தேன். அந்த நினைப்பு அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

வீட்டு விஷயத்தை அதில் குடியிருக்கும் உங்கள் அப்பா அம்மா முடிவு செய்யட்டும். இரண்டாம் நாள் சலிப்பு எல்லோருக்கும் வருவதுதான், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் பாலத்தைக் குறை சொல்லியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

சால்வீன் ஆற்றுப் பாலம் திறந்தது 2005இல். அப்போது உங்களுக்கு என்ன வயது? அப்பா மடியில் உட்கார்ந்து நாலைந்து தடவை அக்கரை போயிருப்பீர்கள். அதை வைத்துக்கொண்டா இத்தனை புலம்பல்?

அந்த நாளில் யாங்கோன் ரயில் மோல்மீனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மர்த்தபானோடு நின்றுவிடும். அப்புறம் படகுதான். 1994 ஆடி மாதம், அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து கிளம்பினேன். வழியெல்லாம் மழை. ரயில் தாமதமாகி, நான் இறங்கியபோது கடைசிப் படகு போய்விட்டது. எதிரே ஊர் தெரிகிறது. குன்றின் மேல் சாய்த்தன்லான் பகோடா என்ற புத்தர் கோயிலின் விளக்குகள், அதற்குக் கீழே எங்கள் தெரு இருக்கும் பக்கம். சம்பான் என்கிற சிறு படகு ஓட்டும் ஒருவரிடம் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சுழித்து ஓடிய தண்ணீரைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டார். தேநீர்க் கடை அம்மாள் ஒரு பாயும் ஒரு கெண்டி வெறுந்தேநீரும் கொடுத்தார். ராத்திரி எப்போதோ மின்சாரம் போய், எதிரே இருந்த ஊர் மொத்தமும் அணைந்துபோனது. விடிந்து முதல் படகில் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாலம் இருந்திருந்தால் ஒரு வாய்த் தண்ணீராவது ஊற்றியிருப்பேன். அந்தப் பாலத்தை என் முன்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

1964க்குப் பிறகு கடையை அரசிடம் பறிகொடுத்துவிட்டு என் சித்தப்பா குடும்பம் கப்பலேறித் தமிழ்நாடு போனது. கடைசிவரை அவரால் திரும்பி வர முடியவில்லை. அவர் அழுதார், அதில் நியாயம் இருந்தது. உங்களுக்கு என்ன குறை? ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது ஊர்.

கோபமாக எழுதிவிட்டேன், தம்பி. படகு எனக்கும் பிடித்தமானதுதான். அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, காற்றில் முந்தானையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, "அதோ பார், பிலூ தீவு" என்று காட்டுவார். 2017இல் அந்தத் தீவுக்கும் பாலம் வந்துவிட்டது. போன மாதம் நம் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். எட்டிப் பார்த்தேன். பழைய படகுத்துறை எது என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அடுத்த தடவை பகல் பஸ்ஸில் போங்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். கேட்டு எனக்கு எழுதுங்கள்.