வியர்வை வேறு, ரத்தம் வேறு

உடற்பயிற்சியின்போது ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, வியர்வை பேட்ச் ஒட்டினால் ரத்தச் சர்க்கரை தெரிந்துவிடுமா? விரலில் குத்துவதிலிருந்து தப்பிக்கலாமே.

தப்பிக்க முடியாது. வியர்வையில் இருக்கும் குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான், தோலில் ஏதாவது இனிப்பு ஒட்டியிருந்தாலே கணக்கு கெட்டுவிடும். 2016-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் நெற்றியிலும் மணிக்கட்டிலும் கட்டும் பட்டைகளில் சோடியம், பொட்டாசியம், லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது உடலில் கூடும் பொருள்), குளுக்கோஸ் நான்கையும் ஒரே நேரத்தில் அளந்து காட்டினார்கள். அருமையான வேலைதான், ஆனால் அளந்தது வியர்வையை.

கையில் சிஜிஎம் (தோலில் ஒட்டி, சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார்) மாட்டியிருக்கிறேன், இன்சுலினும் போடுகிறேன். ஓடும்போது அது 110 காட்டுகிறது, விரலில் குத்தினால் 78. எது சரி?

விரல். சென்சாரின் மெல்லிய இழை ரத்தக்குழாயில் இல்லை, தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள நீரில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, அது அந்த நீரில் தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகும், ஓடும்போது வேகமாக இறங்குவதால் இடைவெளி பெரிதாகத் தெரியும். எண்ணோடு, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்புக்குறியையும் பாருங்கள். கை நடுங்கினாலோ தலை சுற்றினாலோ குத்திப் பார்க்க வழியில்லாவிட்டால் காத்திருக்காதீர்கள், முதலில் சர்க்கரை சாப்பிடுங்கள்.

வியர்வை பேட்ச் காட்டும் லாக்டேட்டை நம்பலாமா?

வியர்வைச் சுரப்பியே லாக்டேட்டை உண்டாக்குகிறது, அதனால் வியர்வை எண்ணை வைத்து உங்கள் த்ரெஷோல்டை (ரத்தத்தில் லாக்டேட் வேகமாகக் கூடத் தொடங்கும் உழைப்பின் அளவை) முடிவு செய்யாதீர்கள். காது மடலில் குத்தி எடுக்கும் ரத்தச் சொட்டுதான் இன்னும் நம்பகமானது.

ஓடி முடித்தால் டி-ஷர்ட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. உப்பு மாத்திரை போடட்டுமா?

இங்கேதான் பேட்சுக்கு உண்மையான பயன் இருக்கிறது. லிட்டருக்கு 40 மில்லிமோல் சோடியம் என்று காட்டினால் ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் 2.3 கிராம் உப்பு போகிறது, அரை டீஸ்பூனுக்கும் குறைவு. ஆளுக்கு ஆள் இது பல மடங்கு மாறும். ஆனால் மாத்திரைக்கு முன் எடை பாருங்கள், ஓடுவதற்கு முன்பும் பின்பும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். அதாவது தண்ணீரைக் குடித்துக் குடித்தே வந்த வினை! எடை கூடினால் தண்ணீரைக் குறையுங்கள். (என் முதல் பேட்ச் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நழுவி விழுந்துவிட்டது, ஒட்டும் முன் தோலைத் துடைத்துக் காயவிடுங்கள்.)

சைக்கிள் போட்டியில் சிஜிஎம் போடலாமா?

சர்வதேச சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பான யூசிஐ 2021-லேயே போட்டிகளில் தடை செய்துவிட்டது. பயிற்சியில் தாராளமாகப் போடலாம்.