'விண்டிக்டிவ்' என்றால் கோபக்காரர் என்று அர்த்தமா?

ஆபீஸ் சண்டை, அரசியல் செய்தி என்று எங்கும் அடிபடும் ஆங்கிலச் சொல் 'விண்டிக்டிவ்'. கோபக்காரர் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கோபம் வேறு, கறுவுவது வேறு. பட்டதை மனதில் வைத்திருந்து, சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுக்கத் துடிக்கும் குணம்தான் இது. தமிழில் வன்மம் என்றால் ஏறக்குறைய சரி.

பாம்பன் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விரித்த வலைமேல் இன்னொருவரின் படகு ஏறி, வலை கிழிந்துவிடுகிறது. கரைக்கு வந்ததும் ஊர் கேட்கச் சத்தம் போட்டுவிட்டு, சாயங்காலம் வலையூசியோடு கிழிசலைச் சரிபண்ண உட்கார்ந்துவிட்டால் அது கோபம். ஒரு வார்த்தை பேசாமல் போய், இரண்டு மாதம் கழித்து, அமாவாசை இருட்டில் அந்தப் படகின் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டால்? அதுதான் விண்டிக்டிவ். கிழிந்தது வலை, போனது படகு. பட்டதைவிடப் பெரிதாகத் திருப்பித் தருவதும் இந்தச் சொல்லுக்குள் பெரும்பாலும் இருக்கும்.

வேர், 'விண்டிக்டா' என்ற லத்தீன் சொல். பழிவாங்கல், தண்டனை என்று பொருள். பிரெஞ்சு வழியாக வந்த 'ரிவெஞ்ச்', 'அவெஞ்ச்' இரண்டும் இதே குடும்பம்தான். ஆளை மட்டுமல்ல, பேச்சையும் செயலையும்கூட விண்டிக்டிவ் எனலாம். சொல்லும்போது அழுத்தம் நடுவிலுள்ள 'டிக்'மேல்.

அப்புறம், 'விண்டிகேட்' என்பதை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள்: கோர்ட் ஒருவரை விண்டிகேட் செய்தது என்றால் பழிவாங்கியது என்றல்ல, அவர்மேல் விழுந்த பழி பொய் என்று காட்டியது என்று அர்த்தம்.